கிட்டப்பாவை நடிகர் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்

"முறையாகச் சங்கீதம் தெரிந்த மேடை நடிகர் ஒருவரின் தொழில் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாதான். 1906-இல் பிறந்தார், 1933 டிசம்பரில் போய்விட்டார், 27 வயது. அதற்குள் தமிழ் நாடக மேடையையே ஆண்டுவிட்டார்.

அன்றைக்கு நாடகக் கம்பெனிதான் பள்ளிக்கூடம். சின்னப் பையனாகச் சேர்த்துவிடுவார்கள், வசனம், பாட்டு, ராகம், தாளம் எல்லாம் அங்கேயே வாத்தியார் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் ஆகிவிடும். கிட்டப்பாவும் சிறு வயதிலேயே மேடை ஏறியவர். இதில் பெரிய கண்டம் மகரக்கட்டு, அதாவது பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். அதோடு பலருடைய பாட்டு முடிந்துபோகும், எடுபிடி வேலைக்கோ சின்ன வேஷத்துக்கோ இறங்கிவிடுவார்கள். கிட்டப்பாவோ அதைத் தாண்டி வளர்ந்த பிறகும் ஐந்து கட்டை என்ற மிக உயர்ந்த சுருதியில் பாடினார். அப்போது மைக் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது, கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹார்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறிச் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும், அதுவும் விடிய விடிய.

வள்ளி திருமணத்தில் அவர் வேலன், கே.பி. சுந்தராம்பாள் வள்ளி. இலங்கையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கிய ஜோடி, பிறகு வாழ்க்கையிலும் இணைந்தார்கள். ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்து நடத்தும் நாடகத்தில், ஒத்திகை பெரிதாக இருக்காது. மேடையில் ஒருவர் ராகம் எடுத்தால் மற்றவர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும், கூட்டம் "ஒன்ஸ்மோர்" கேட்டால் திரும்பவும் பாட வேண்டும். சங்கீதம் உள்ளே ஊறியிருக்காதவரால் அந்த இடத்தில் நிற்கவே முடியாது. நாடகப் பாட்டு என்றால் கச்சேரிக்கு ஒரு படி கீழே என்று சிலர் இன்றும் பேசுவது எனக்கு ஒப்பவே இல்லை.

சந்தேகம் இருந்தால் அவருடைய "எவரனி" இசைத்தட்டைக் கேளுங்கள். தியாகராஜர் கிருதி, தேவாமிர்தவர்ஷிணி ராகம். பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும், அந்த இடத்துக்குள் மேல் ஸ்தாயியில் பிர்க்காக்கள், அதாவது மின்னல் வேக ஸ்வர அடுக்குகள், பொரிந்து விழும், ஆனால் ஒரு ஸ்வரம்கூட மங்காது. அப்புறம் "காயாத கானகத்தே" கேளுங்கள். அதே குரல், ஆனால் இங்கே காட்டில் ஒரு பெண்ணை மயக்கப் பார்க்கும் வேலன் பாடுகிறான் என்பது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே தெரியும். பிற்காலத்தில் பாடகர்-நடிகர் டி.ஆர். மகாலிங்கம் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்பதும் புரியும்.

பேசும் படம் தமிழில் வந்தது 1931-இல். இவர் திரையில் ஒரு முழுப் படம்கூடத் தராமல் போனது பெரிய இழப்பு. நமக்கு மிஞ்சியது தட்டுகள்தான்.

கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அதன்பின் வெள்ளைப் புடவைதான். ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிக்கவே இல்லை. 1935-இல் வந்த நந்தனார் படத்தில் நந்தனார் வேஷத்தையே அவர் ஏற்றார், சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 1 லட்சம்! நாடக மேடையில் பாடிப் பாடி ஏறிய குரலுக்குக் கொடுத்த விலை அது.