ஆமிஷ்காரங்க பழக்கின வண்டிக் குதிரைய நம்பி வாங்கலாமா?

வாங்கலாங்க, ஆனா ஆமிஷ் குதிரைங்கிற பேர மட்டும் நம்பி வாங்காதீங்க. ஆமிஷ்காரங்கன்னா கார் வச்சுக்காம குதிரை வண்டியிலயே போற அமெரிக்கக் கிறிஸ்தவ சமூகம். பென்சில்வேனியா லங்காஸ்டர், ஒஹாயோ ஹோம்ஸ் கவுண்டி பக்கம் அவங்க வண்டிய இழுக்குறது பெரும்பாலும் ஸ்டாண்டர்ட்பிரெட்ங்கிற வண்டி ரேஸ் இனக் குதிரைங்க, அதுல நெறைய ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆனது. பிடரி மயிர ஒதுக்கிப் பாருங்க, பலதுக்கு கழுத்துல வெள்ளையா முத்திரை இருக்கும், அத வச்சு பழைய ரேஸ் விவரமே எடுத்துடலாம். லாரி பக்கத்துல உரசிட்டுப் போனாலும் மெரளாம ஓடுற பழக்கம்தான் இதுங்களோட பெரிய பலம்.

ஆனா வருஷக்கணக்கா தார் ரோட்டுல ஓடுன காலுங்க அது. அதனால கெட்டித் தரையில ஓட விட்டுப் பாருங்க, அடி வைக்கும்போதெல்லாம் தலைய தூக்கித் தூக்கிப் போட்டா முன்னங்கால்ல வலின்னு அர்த்தம், வெட்னரி டாக்டர் பாக்காம காசு குடுக்காதீங்க, காகின்ஸ்ங்கிற ரத்தப் பரிசோதனை (குதிரைக்கு வர்ற தொத்து ரத்தசோகை இருக்கான்னு பாக்குறது) பேப்பரும் கேளுங்க. லங்காஸ்டர் பக்கம் இருக்குற நியூ ஹாலண்ட் ஊர்ல திங்கக்கிழமை குதிரை ஏலம் நடக்கும், ஆனா ஏலத்துல எல்லாமே சட்டுனு முடிஞ்சிடும். விக்கிறவர் பண்ணைக்கே போயி, அவர் வண்டில பூட்டும்போது குதிரை அசையாம நிக்குதான்னு பாத்து, நீங்களே ரோட்டுல ஓட்டிப் பாக்குறதுதான் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் உடனே எதையும் மாத்தாதீங்க. கண்மறைப்போடவே (பக்கத்துலயும் பின்னாலயும் தெரியாம கண்ணோரம் கட்டுற தட்டு) ஓடிப் பழகின குதிரைக்கு அத கழட்டிட்டு பூட்டுனா பின்னால சக்கரம் உருளுறதப் பாத்தே மெரண்டு ஓடிடும். வேகமா ஓடத்தான் தெரியும், நிதானமா நடக்க நீங்கதான் பொறுமையா சொல்லித் தரணும், பாவம் அதுக்கும் புது எடம் இல்லையா. வண்டில நல்லா போகுதேன்னு முதுகுல ஏறிடாதீங்க, சவாரி தனியா பழக்கணும்.