ஹார்மோன் எடுத்தும் ரத்தப்போக்கு அதிகம்: கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. உடம்பு குப்பென்று சூடாகி வியர்ப்பது, தூக்கமின்மை இரண்டுக்காகவும் எட்டு மாதமாக ஹார்மோன் சிகிச்சை எடுக்கிறேன். தினமும் கையில் ஈஸ்ட்ரோஜன் ஜெல். மாதத்தில் 12 நாள் இரவில் புரோஜெஸ்டிரோன் 200 மி.கி. அதைப் போட்டால் காலையில் தலை கனக்கிறது, அதனால் சில நாள் விட்டுவிடுவேன். வியர்வை நின்றுவிட்டது. ஆனால் மூன்று மாதமாக மாதவிலக்கு ஒன்பது, பத்து நாள் நீள்கிறது. முதல் மூன்று நாள் கட்டி கட்டியாகப் போகிறது, இரவில் எழுந்து நாப்கின் மாற்றுகிறேன். ஹீமோகுளோபின் 9.2. ஜெல்லை நிறுத்திவிடட்டுமா? கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார் நாத்தனார்.

பதில்: ஜெல்லையும் கர்ப்பப்பையையும் பிறகு பார்ப்போம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘சில நாள் விட்டுவிடுவேன்’ என்று, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்க்கும். அது அளவு மீறாமல் தடுத்து, மாதாமாதம் ஒழுங்காக உதிர வைப்பது புரோஜெஸ்டிரோன். ஜெல்லை விடாமல் தடவிக்கொண்டு மாத்திரையை மட்டும் விட்டால் சவ்வு தடித்துக்கொண்டே போகும், உதிரும்போது கொட்டும். இப்படியே வருடக்கணக்கில் போனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடும். ஆகவே 12 மாத்திரை என்றால் பன்னிரண்டும் உள்ளே போக வேண்டும். தலை கனப்பதற்கு வழி இருக்கிறது: இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் மருந்து ரத்தத்தில் அதிகம் ஏறி மயக்கம் கூடும். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றலாம். நீங்களாக விட வேண்டாம்.

ஹார்மோன் தொடங்கிய முதல் மூன்று, நான்கு மாதம் ரத்தப்போக்கு முன்னே பின்னே இருப்பது சகஜம். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அதுவும் 45 வயதுக்கு மேல், ரத்தசோகை வேறு. மாத்திரையை ஒழுங்காக்கிவிட்டுக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பிறப்புறுப்பு வழி ஸ்கேன் எடுங்கள். சவ்வின் தடிமன், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி), பாலிப் (சவ்வில் வளரும் சிறு சதை) எல்லாம் தெரியும். உங்கள் வயதில் சவ்வின் துளியை எடுத்துப் பரிசோதிப்பதும் அவசியம். மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டுவார்களோ என்று பலர் இதற்குத்தான் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, வெளிநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடத்தில் எடுத்துவிடலாம்; மாதவிலக்கு வலி போலச் சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது காலண்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் வந்த நாள், நாப்கின் எத்தனை, புரோஜெஸ்டிரோன் போட்ட நாள் என்று மூன்றும் குறித்திருக்க வேண்டும். மாத்திரை முடிந்த கையோடு ரத்தம் வருகிறதா, நடுவிலேயே வருகிறதா என்பதை வைத்தே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அதுவரை கொட்டும் நாட்களுக்கு மட்டும் டிரானெக்ஸாமிக் அமிலம் தருவோம்; ரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆனால் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த சரித்திரம் இருந்தால் கூடாது. எனவே மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். கோயிலுக்குப் போகத் தேதி தள்ளிப்போடும் மாத்திரை வீட்டில் மிச்சமிருந்தால் அதையும் இதோடு சேர்க்காதீர்கள்.

பரிசோதனையில் கவலைப்பட எதுவும் இல்லை என்றால், என் விருப்பம் கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம்; புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனை அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். பார்க்க காப்பர்-டி மாதிரி இருக்கும், வேலை நேர் எதிர்: காப்பர்-டி சிலருக்கு ரத்தப்போக்கைக் கூட்டும், இது நன்றாகக் குறைக்கும். 52 மி.கி. உள்ள சாதனத்தைப் போட்டால் ஐந்து வருடத்துக்குச் சவ்வுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். இரவு மாத்திரையும் தலைக் கனமும் போய்விடும், ஜெல்லைத் தொடரலாம். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். அதைப் பார்த்து மிரண்டு எடுக்கச் சொல்லிவிடாதீர்கள்.

நாத்தனாருக்குப் பதில்: பெரிய ஃபைப்ராய்டு, சவ்வில் சந்தேகமான மாற்றம், வேறெதற்கும் அடங்காத ரத்தப்போக்கு என்றால் கர்ப்பப்பையை எடுக்கலாம். முதல் வைத்தியமாக அல்ல.

ரத்தத்துக்குப் பீட்ரூட், மாதுளை சாப்பிடுகிறீர்களா? சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் 9.2-ஐ அவை தூக்காது. முருங்கைக்கீரையும் தனியாகத் தூக்காது. இரும்புச் சத்து மாத்திரை வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் நன்றாக உட்கிரகிக்கும். காபி, டீயோடு மட்டும் வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கொரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று: இந்த ஹார்மோன் கர்ப்பத்தைத் தடுக்காது. கருத்தடை ஏதும் செய்துகொள்ளாதவர் என்றால், தேதி தள்ளிப்போகும் மாதம் 47 வயதிலும் சிறுநீரில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.