டீசல் என்ஜினின் இழுவையை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்குமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான்கு ஆண்டுகள் ஓடிய, மீட்டரில் 85,000 கிலோமீட்டர் காட்டும் டீசல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இடது முழங்கால் வலியால் என்னால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஆனால் டீசலின் இழுவைக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும், மேனுவல்தான் நிலைக்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக். விற்றுக்கொடுக்கும் தரகரோ, கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்றவே வேண்டாம், கவலையில்லாமல் ஓட்டலாம் என்கிறார். வாரநாட்களில் என் மனைவி நான்கு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஓட்டுவார். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு நெடுந்தூரம் போவோம். வாங்கலாமா?"

உங்கள் மெக்கானிக்கின் அச்சம் தவறானது என்றாலும் கேடில்லாதது. தரகர் தரும் உறுதிமொழிதான் உங்கள் பணத்துக்கு ஆபத்து. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

எந்தக் கியர்பாக்ஸுக்கும் அது தாங்கக்கூடிய முறுக்குவிசைக்கு, அதாவது நீங்கள் இழுவை என்று சொல்லும் சுழற்று விசைக்கு, ஓர் உச்சவரம்பு உண்டு. டர்போ பொருத்திய 1.5 லிட்டர் டீசல் என்ஜின் ஏறத்தாழ 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. அதே அளவுள்ள, டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் 145 நியூட்டன் மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் உங்கள் மெக்கானிக் பயப்படுகிறார். ஆனால் கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர்கள் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டிகளில் 8ஹெச்பி70 என்ற வகையின் பெயரில் இருக்கும் 70, அது 700 நியூட்டன் மீட்டர் வகுப்பைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கிறது. அந்தக் குடும்பத்துப் பெட்டிகள் பெட்ரோல் கார்களிலும் டீசல் கார்களிலும் ஓடுகின்றன. வரம்புக்குள் இருக்கும் வரை, விசை டீசலிலிருந்து வருகிறதா பெட்ரோலிலிருந்து வருகிறதா என்பது பல்சக்கரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

உண்மையில், டார்க் கன்வர்ட்டர் எனப்படும் எண்ணெய் இணைப்பு கொண்ட ஆட்டோமேட்டிக், டீசலுக்கு மிகப் பொருத்தமான துணை. டர்போ டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளுக்குக் கீழே சோர்ந்திருக்கும். டர்போவைச் சுழற்றும் அளவுக்கு அப்போது புகைக்காற்று வருவதில்லை. மேனுவல் காரில் இந்த இடத்தில்தான் வண்டி திணறும், சில சமயம் நின்றும் விடும். டார்க் கன்வர்ட்டருக்குள் என்ஜினோடு சுழலும் விசிறி எண்ணெயை வீசியடிக்க, எதிரே இருக்கும் விசிறி அந்த எண்ணெயின் வேகத்தால் திரும்புகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தச் சில நொடிகளில் இந்த அமைப்பு என்ஜினின் முறுக்குவிசையைச் சுமார் இரண்டு மடங்காகப் பெருக்கிக் கொடுப்பதால், டர்போ விழித்துக்கொள்ளும் வரை உள்ள பள்ளம் நிரம்பிவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. நான்கு சிலிண்டர் டீசல் 1,200 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 40 முறை எரிபொருள் வெடித்து எரிகிறது. அந்த உதறல் கியர்பாக்ஸைச் சேரும் முன் எண்ணெய் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. மெர்சிடிஸ் பென்ஸின் 300எஸ்டி என்ற டர்போ டீசல் கார் 1978-இலேயே நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது.

நான் இதுவரை சொன்னது டார்க் கன்வர்ட்டருக்கு மட்டுமே பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். விளம்பரத் தாளில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லை அச்சடித்து, அதன் கீழ் முற்றிலும் வேறுபட்ட நான்கு இயந்திரங்களை விற்கிறார்கள். வாங்குபவருக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று எந்த விற்பனைக்கூடத்திலும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை என்பதை எத்தனை முறை எழுதினாலும் என் ஆற்றாமை தீரவில்லை. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸேதான். உங்கள் காலும் கையும் செய்த வேலையை அதில் ஒரு மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ செய்கிறது. அதிலுள்ள கிளட்ச் மேனுவல் காரில் இருப்பது போலவே நெரிசலிலும் ஏற்றத்திலும் தேயும். இரட்டைக் கிளட்ச் வகையில் உலர் கிளட்ச், ஈரக் கிளட்ச் என இரண்டு உண்டு. ஃபோக்ஸ்வாகன் 2008-இல் கொண்டுவந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். அதே நிறுவனம் அதிக இழுவையுள்ள டீசல்களுக்கு எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச் பெட்டியைத்தான் பொருத்தியது. உலர் கிளட்ச் உள்ள டீசல் காரை வாரநாள் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டையோ சங்கிலியோ கொண்ட சிவிடி டீசலில் அரிது என்பதால் அதை விட்டுவிடலாம். ஆகவே தரகரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்பது. அவர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொன்னால், வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் சேவை மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில். இந்த ஒரு சொற்றொடர் கெடுத்த கியர்பாக்ஸ்களின் எண்ணிக்கை, டீசலின் இழுவை கெடுத்தவற்றைவிட அதிகம் என்பது இத்தனை ஆண்டுகள் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த என் உறுதியான எண்ணம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் வெறும் மசகு அன்று. விசையைக் கடத்துவதும், கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும், வால்வுகளைத் திறந்து மூடுவதும், சூட்டை வெளியேற்றுவதும் அதே எண்ணெய்தான். தகடுகளிலிருந்து உதிரும் துகள் அதில் கலந்து, முடியளவு இடைவெளி கொண்ட வால்வுகளைத் தேய்க்கிறது. இசட்எஃப் நிறுவனமே தன் எட்டு கியர் பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியை வாங்கிப் பொருத்தும் கார் நிறுவனங்களில் சில, தங்கள் கையேட்டில் 'ஆயுள் முழுமைக்கும்' என்று எழுதி வைத்திருக்கின்றன. யாருடைய ஆயுள் என்று கேட்டால் பதில் வராது; பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டினால் புது வண்டி விற்கும், பெட்டி பழுதாகும்போது உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். கியர் மாறும்போது உதறல் தொடங்கிய டீசல் காரோடு ஒரு குடும்பத்தினர் என்னிடம் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களே எண்ணெயை மாற்றித் தரும்படி கேட்டபோது, கையேட்டில் இல்லாததைச் செய்ய மாட்டோம் என்று மறுத்த அதே சேவை மையம், இப்போது முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தது. இப்படி ஒரு முறைமையை ஏற்படுத்தியவர்கள் ஒரு நாளாவது அந்தக் குடும்பத்தின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பழைய வண்டிச் சந்தையில் வேறு சில தந்திரங்களும் உண்டு. மீட்டரைக் குறைப்பது பழைய கதை. ஸ்டியரிங் வளையத்தின் வழவழப்பும் பிரேக் மிதியின் தேய்மானமும் 85,000-க்கு ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். டீசல்களில் இதைவிடக் கெட்டது, என்ஜின் கணினியின் நிரலை மாற்றி இழுவையைக் கூட்டுவது. தொழிற்சாலை கணக்கிட்டு வைத்த வரம்பை இப்படி மீறும்போதுதான் மெக்கானிக் சொன்ன பயம் மெய்யாகிறது. விற்பனைக்கு முன் அந்த நிரலைப் பழையபடி மாற்றிவிடுவார்கள். தேய்ந்த தகடுகளை மாற்ற மாட்டார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாதபடி பழுதுக் குறியீடுகளைக் காலையில் அழித்துவிட்டு மாலையில் உங்களுக்கு வண்டியைக் காட்டுவதும் வழக்கம். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. கண்டறியும் ஸ்கேனர் கருவியை இணைத்தால், குறியீடுகள் அழிக்கப்பட்ட பிறகு வண்டி ஓடிய தூரத்தைப் பெரும்பாலான கார்கள் காட்டும். அந்த எண் பத்து, இருபது கிலோமீட்டர் என்று இருந்தால், ஏன் அழித்தீர்கள் என்ற கேள்விக்குத் தரகர் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி, உங்கள் மனைவியின் நான்கு கிலோமீட்டர் ஓட்டம். நீங்கள் கேட்காத கேள்வி இது என்றாலும், இந்த வண்டி உங்களுக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்யப்போவது இதுதான். இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பியதும் என்ஜின் கூடுதல் எரிபொருளைச் செலுத்தி, புகையின் வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு உயர்த்திக் கரியை எரிக்க முயலும். அதற்கு என்ஜின் நன்றாகச் சூடாகி, தடைபடாமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். நான்கு கிலோமீட்டரில் என்ஜின் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. எரிப்பு பாதியில் நின்றால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்; அளவுகோலில் ஆயில் குறைவதற்குப் பதில் உயர்ந்தால் அதுதான் காரணம். ஆட்டோமேட்டிக்கில் கூடுதல் சிக்கல் என்னவென்றால், எரிபொருளைச் சேமிப்பதற்காக அது எப்போதும் உயர்ந்த கியருக்குத் தாவி என்ஜினைக் குறைந்த சுற்றிலேயே வைத்திருப்பதால், புகை சூடேறுவது இன்னும் தாமதமாகும்.

உங்கள் மாதம் இரண்டு நெடும்பயணங்கள் இதை ஓரளவு ஈடுகட்டும்; ஓரளவுதான். நிறுத்தியபோது என்ஜின் வழக்கத்தைவிடச் சற்றே வேகமாகச் சுழன்றாலோ, அணைத்த பிறகும் மின்விசிறி ஓடினாலோ, எரிப்பு நடுவில் இருக்கிறது என்று பொருள். அப்போது அணைக்காமல், அணைத்துவிட்டிருந்தால் மீண்டும் கிளப்பி, கியர் தேர்வை உங்கள் கைக்கு மாற்றி ஒரு கியர் கீழே வைத்து, 2,000 சுற்றுக்கு மேல் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பச் சொல்லுங்கள். நெடும்பயணம் இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறையும் என்று நீங்கள் நினைத்தால், இந்தக் காரை மட்டுமல்ல, எந்த டீசலையுமே வாங்காதீர்கள். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் பாருங்கள். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் உங்களிடம் சொல்வார். அது உங்கள் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றில் கரியைக் கொட்டும் வேலை, பல நாடுகளில் சட்டப்படி குற்றமும் கூட.

பயணங்கள் நீங்கள் சொன்னபடியே இருக்கும் என்றால், பெட்டி டார்க் கன்வர்ட்டர் வகையாகவும் இருந்தால், வண்டியை என்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது பார்க்கப் போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடி 'டி'-க்கு மாற்றினால் ஒரு நொடிக்குள் மெல்லப் பிடிக்க வேண்டும், இடிக்கக் கூடாது. மணிக்கு 50 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது, வரிவரியான மேட்டின் மேல் ஏறியது போன்ற சிறு நடுக்கம் தெரிந்தால், கன்வர்ட்டரின் இரு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டும் கிளட்சோ எண்ணெயோ கெட்டிருக்கிறது. முக்கால் மணி நேரம் ஓட்டியபின் ஏற்றத்தில் நிறுத்தி, ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். சூட்டில் நழுவும் தகடுகள் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இவற்றில் தேறினால் வாங்கலாம். வாங்கிய வாரத்திலேயே, கையேட்டில் அந்தப் பெட்டிக்குக் குறிப்பிட்ட தரத்து எண்ணெயைக் கொண்டு மாற்றுங்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற டப்பாவை ஒதுக்குங்கள். இயந்திரத்தால் அழுத்திக் கழுவும் முறையைப் பழைய பெட்டிக்கு நான் ஏற்பதில்லை, படிந்த துகள் கிளம்பி வால்வில் போய் அடைக்கும். அடியில் திறந்து வடித்தால் பாதியளவுதான் வெளியேறும், மீதி கன்வர்ட்டருக்குள் தங்கியிருக்கும். ஆகையால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து நிரப்புங்கள். அந்த இரண்டாவது வடிப்பில் வரும் எண்ணெயில் விரலைத் தேய்த்துப் பார்த்து, கருகிய வாடையோ மினுமினுக்கும் துகளோ இருந்தால், அடுத்த நெடும்பயணத்துக்கு முன் எனக்கு எழுதுங்கள்.