தலை தட்டாத உழக்கு

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் அப்பாயி தவறிவிட்டார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சிற்றூர். ஐந்து பிள்ளைகள், பதினொரு பேரப்பிள்ளைகள், எல்லோரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து, "அவங்க கையால சாப்பிட்டவன் நான்" என்று அழுதார்கள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "அன்பானவர், வாரிக் கொடுப்பவர்" என்பதைத் தாண்டி ஒரு வரி ஓடவில்லை. பிறந்த வருஷம்கூடத் தெரியாது. எதை வைத்து எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மாச்சியின் பித்தளை உழக்குதான் ஞாபகம் வந்தது. வீட்டு உலைக்கு அரிசி அளந்தால் விரலால் தலை தட்டிவிடுவார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல்வேலை இருக்காது. சம்பா அறுவடை தையில்தான். அந்த நாட்களில் கைமாற்று கேட்டு வருகிறவர்களுக்கு அதே உழக்கைக் கோபுரமாகக் குவித்து அளப்பார். "லாபம், ரெண்டு, மூணு..." அறுவடைக்கு அப்புறம் அவர்கள் திருப்பித் தரும்போது தலை தட்டி வாங்கிக்கொள்வார். இதைச் சொன்னால் போதும், வாரிக் கொடுப்பவர் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

உங்கள் அப்பாயி கையில் என்ன அளவை இருந்தது? யாருக்கு எப்படி அளந்தார்? அழுதார்களே, அவர்களிடம் போய்க் கேளுங்கள். எப்படிப்பட்டவர் என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்பார்கள். என்ன கொடுத்தார், எதில் கொடுத்தார், கொடுக்கும்போது என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

வருஷத்துக்கும் வழி இருக்கிறது. உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வயதைப் புயலை வைத்துச் சொல்வார்கள். 1952 நவம்பர் 30-ல் நாகப்பட்டினத்தை அடித்த புயலின்போது அப்பாயி பாவாடைச் சிறுமியா, கையில் பிள்ளையோடு இருந்தாரா? 1977 புயலில் யார் யார் அவர் வீட்டுத் திண்ணையில் ஒண்டினார்கள்? 2018 கஜா உங்களுக்கே நினைவிருக்கும். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் அவர் அடுப்பில் எத்தனை பேருக்கு உலை வைத்தார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே பாதி வாழ்க்கை வந்துவிடும்.

இன்னொன்று. அம்மாச்சி கொடுத்ததில் என் அம்மாவுக்கு வருத்தம் உண்டு. சின்ன வயதில் வெறும் நீராகாரம் குடித்துப் படுத்த ராத்திரிகளைச் சொல்வார். உங்கள் அத்தைகளிடமும் அப்படி ஏதாவது இருக்கும். அதை மறைக்காதீர்கள். சொந்தப் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்துத்தான் கொடுத்தார் என்பது அப்போதுதான் படிப்பவருக்குப் புரியும். பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருந்த மனுஷி அதை எப்படித் தாங்கினார் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அம்மாச்சி இறந்த அன்று வாய்க்கரிசி போடும் நேரத்தில், தெருக்கோடி வீட்டு அம்மா ஒருவர் முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு வாசலிலேயே நின்றார். சொந்தக்காரர்கள்தான் போடுவது வழக்கம். மாமா பார்த்துவிட்டு, "உள்ள வாங்கக்கா, நீங்க போடாம யாரு போடறது" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்த அம்மாவிடம் நான் எதையும் கேட்டு வைக்கவில்லை. இப்போது அவரும் இல்லை.

நீங்கள் இந்த வாரமே ஊருக்குக் கிளம்புங்கள்.

அன்புடன்.