ஜெர்சி மூட்டை யார் வீட்டுக்குப் போகிறது?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அவிநாசிப் பக்கம் ஒரு கால்பந்து கிளப்புக்கு ஜூன் மாதத்திலிருந்து தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறேன். போன சீசனில் லீக்கில் எங்களுக்குக் கடைசி இடம். மொத்தம் இருபது பேர். பாதிப்பேர் காலேஜ் பசங்கள், மீதிப்பேர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். யாரும் நேரத்துக்கு வருவதில்லை. சின்னப் பசங்களை சீனியர்கள் எடுபிடி மாதிரி நடத்துகிறார்கள். கோல்கீப்பரும், அவனுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிற ஸ்டாப்பரும் பேசிக்கொள்வதே இல்லை. தோற்றால் ஒருவன்மேல் ஒருவன் பழி போடுகிறான்.

லேட்டாக வந்தால் 50 ரூபாய் அபராதம் என்று வைத்தேன். செல்போனைப் பெட்டியில் போடச் சொன்னேன். ‘ஒழுக்கமே வெற்றி’ என்று போர்டு எழுதி மாட்டினேன். கேப்டனை மாற்றினேன். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணியை அதன் கோச் ஃபெர்குசன் வழிக்குக் கொண்டுவந்த கதையை எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். மூன்று மேட்ச் ஆடிவிட்டோம், மூன்றும் தோல்வி. டீம் கல்ச்சர் துளியும் மாறவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் இருபது செட் ஜெர்சியையும் என் சம்சாரம்தான் துவைத்து, மடித்து, நம்பர் வாரியாக அடுக்கித் தருகிறாள். அவளும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள்தான். அந்த நன்றிகூட இந்தப் பசங்களுக்கு இல்லை.

இனி கண்டிப்பாக இருப்பதா, அன்பாகப் போவதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

– பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்:

தம்பி,

கண்டிப்பா, அன்பா என்ற கேள்வி இந்தப் பக்கத்துக்கு வராத மாதம் கிடையாது. ஹெட்மாஸ்டர் கேட்பார், மில் சூப்பர்வைசர் கேட்பார், மருமகள் வந்த வீட்டு மாமியார் கேட்பார். அதற்கு ஏதாவது ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இருபது செட் ஜெர்சி.

யார் சொல்லி அவர் துவைக்கிறார்? நீங்கள் கேட்டீர்களா, அவராக எடுத்துக்கொண்டாரா, இல்லை முதல் மேட்ச் முடிந்த அன்றைக்கு மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் போட்டதோடு அது அவர் வேலையாகிவிட்டதா? கடைசியில் சொன்னதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் கேட்டேன் என்று எழுதியிருப்பீர்கள்.

திருப்பூரில் கம்பெனி வேலை என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலை எட்டரைக்குள் உள்ளே போக வேண்டும். ஒன்றரை ஷிப்டு ஓடும் நாளில் வீடு திரும்ப ராத்திரி எட்டரைக்கு மேலாகும். செக்கிங் என்றால் நாள் பூராவும் நின்றபடியே பீஸ் பீஸாகப் புரட்டி ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று பார்க்கிற வேலை. ஆறு நாள் ஊரான் துணியைப் புரட்டிவிட்டு, லீவு கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையும் அவர் துணியைத்தான் புரட்டுகிறார். உங்கள் மேட்ச் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதானே?

அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் கையை விட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். இருபது செட் என்றால் சாக்ஸ் மட்டும் நாற்பது. பையன்கள் அதை ஒழுங்காகக் கழற்ற மாட்டார்கள், உள்பக்கம் வெளியே வர உருட்டிக் கழற்றி எறிவார்கள். நம் ஊர் கிரவுண்டில் புல் எங்கே இருக்கிறது? செம்மண்ணும் நெருஞ்சி முள்ளும்தான். ஒவ்வொரு சாக்ஸையும் பிரித்து, முள்ளைப் பிடுங்கி, திருப்பிப் போட்டு, அப்புறம்தான் ஊறவைக்க முடியும். வெள்ளைக் காலரில் ஏறிய செம்மண்ணுக்கு பிரஷ் போட்டே ஆக வேண்டும், பிரஷ்ஷை அழுத்தினால் நம்பர் உரிந்துவிடும். போர் தண்ணியில் சோப்பு லேசில் நுரைக்காது. நல்ல தண்ணி என்றைக்கு விடுவார்கள் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிற ஊர்கள்தான் அந்தப் பக்கம் அதிகம். வீட்டு டிரம்மில் பிடித்துவைத்த தண்ணி அந்த இருபது பேர் வியர்வைக்குப் போகிறது. வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது என்று எனக்குத் திருப்பி எழுதாதீர்கள். முள் பிடுங்குகிற மெஷின் இன்னும் வரவில்லை.

இவ்வளவையும் அவர் செய்கிறார், நன்றியை நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். உங்கள் தியாகக் கணக்கில் அவர் உழைப்பை வரவு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு ஜெர்சியை யார் துவைக்கிறார்கள் என்று தெரியும்? மூட்டையாகப் போவது அடுத்த ஞாயிறு மடிப்பு கலையாமல் வருகிறது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சீனியர்கள் சின்னப் பசங்களை எடுபிடியாக வைத்திருக்கிறார்கள் என்று குறைப்படுகிறீர்களே, அவர்களைக் கொஞ்சம் விடுங்கள். இந்த டீமுக்கே பெரிய எடுபிடி யாரென்று உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லையா?

நீங்கள் கேட்கிற கல்ச்சர் உங்கள் டீமில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அழுக்காக்கினதை வேறு யாரோ சுத்தம் பண்ணுவார்கள் என்பதுதான் அது. பந்தைத் தவறவிட்ட ஸ்டாப்பர் கோல்கீப்பரைக் கை காட்டுகிறான், கோல்கீப்பர் விங்கில் ஓடினவனைக் காட்டுகிறான். அவரவர் தப்பை அவரவர் எடுத்துக்கொள்ள இருபது பேரில் ஆள் இல்லை. கழற்றிப் போட்ட சட்டையைக்கூட எடுக்கிற பழக்கமில்லாதவன் விட்ட கோலை எப்படித் தம்பி எடுத்துக்கொள்வான்? ‘ஒழுக்கமே வெற்றி’ என்று போர்டு மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே ஜெர்சி மூட்டை கட்டுகிறீர்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

ஃபெர்குசன் பெயரைச் சொன்னதால் அதையும் பேசிவிடுவோம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையில் அவர் வந்தார், அதட்டினார், எல்லாரும் அடங்கினார்கள் என்றிருக்கும். அவர் மான்செஸ்டருக்கு வந்தது 1986 நவம்பரில். 22 அணிகளில் யுனைடெட் 21வது இடத்தில் கிடந்தது. குடிப்பழக்கம்தான் அந்த அணியின் பெரிய சீக்கு என்று பேர். அதில் முக்கியமாகப் பேசப்பட்ட மெக்ராத், ஒயிட்சைட் என்ற ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் வெளியேறியது 1989இல். முதல் கோப்பை 1990இல் வந்தது, லீக் பட்டம் 1993இல்தான். நடுவில் இங்கிலாந்து பூராவும் அவரைத் துரத்தச் சொன்னது. நீங்கள் மூன்று மேட்சில் முகம் தொங்கிப்போய்க் கடிதம் எழுதுகிறீர்கள்.

உங்களுக்கு நான் காட்ட நினைக்கிற ஆட்டம் வேறு. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கும் பெல்ஜியத்துக்கும் ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில் மேட்ச். ஜப்பான் 2–0 என்று முன்னால் இருந்து, கடைசியில் 3–2 என்று தோற்றது. பெல்ஜியத்தின் மூன்றாவது கோல், தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் விழுந்தது. அழுதுகொண்டே உள்ளே போனவர்கள் டிரெஸ்ஸிங் ரூமைப் பளிச்சென்று துடைத்துவைத்துவிட்டு, ரஷ்ய மொழியில் நன்றி என்று ஒரு சீட்டும் எழுதிவைத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். கேலரியில் அவர்கள் ஜனமும் பையை வைத்துக்கொண்டு குப்பை பொறுக்கியது. ஜப்பான் பள்ளிக்கூடங்களில் வகுப்பறையைப் பிள்ளைகளேதான் கூட்டுகிறார்கள், அந்தப் பழக்கம் உலகக் கோப்பை வரைக்கும் கூடவே போகிறது. ஆனால் ஒன்று, துடைத்ததால் அவர்கள் ஜெயிக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த மேட்சும் தோற்றால் “அக்கா சொன்னதும் பலிக்கவில்லை” என்று நீங்கள் எழுதக்கூடும்.

ஜெயிக்கிற விஷயத்தில் உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. நம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்திலேயே நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஐ-லீக் என்ற இந்தியக் கால்பந்து லீக்கில் 2017–18இல் எட்டாவது இடத்தில் முடித்த சென்னை சிட்டி கிளப், அடுத்த சீசனில், 2019 மார்ச் 9 அன்று, மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். அவர் அணியைக் கட்டிய விதம் உண்டுதான், அதோடு ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்களும் பெட்ரோ மான்ஸி அடித்த 21 கோலும் சேர்ந்துதான் அது நடந்தது. கல்ச்சர் கோல் அடிக்காது. கோல் அடிக்க ஆள் வேண்டும், அதற்கு நீங்கள் பிராக்டிஸ் கொடுங்கள், அது உங்கள் தொழில். என் பக்கத்துக்கு எழுதியதால் என் கவலையைச் சொல்கிறேன். பதினேழு வயதுப் பையன் உங்களிடம் மூன்று வருஷம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போய், கழற்றின சட்டையை அம்மா முன்னால் எறிந்தான் என்றால் அவன் எத்தனை கோல் அடித்தும் எனக்கு அதில் பெருமை இல்லை. நாளைக்கு அவன் கட்டிக்கொள்கிற பெண்ணும் ஒன்றரை ஷிப்டு முடித்து வந்து அவன் மூட்டையைத்தான் பிரிப்பாள். அதைக் கற்றுக்கொடுத்த கோச் நீங்களாக இருக்க வேண்டாம்.

நம் பக்கத்து ஆம்பிளைகளுக்கு ஊர்க்காரியம் என்றால் உயிர். கோயில் நோம்பி, ரேக்ளா, கபடி, இப்போது கால்பந்து, எதற்கும் முன்னால் நிற்பார்கள். நல்லதுதான், நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் முன்னால் நிற்கிறவர் செலவு செய்கிற நேரம் பாதிக்கு மேல் வீட்டுப் பெண்ணின் நேரம். அவர் சம்மதித்துக் கொடுத்தால் அது குடும்பம். கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பேர். ஊருக்கு உழைக்கிறவன் அவன் உழைப்பில் உழைக்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். அடுத்த மேட்ச் முடிந்ததும் மூட்டை கட்டாதீர்கள். கிரவுண்டிலேயே போர் பைப் இருக்குமே, அங்கேயே துவையுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இருபது அம்மாக்கள் துவைப்பார்கள், அது இன்னும் மோசம். முதலில் உட்கார வேண்டியது நீங்கள், உங்கள் டிரெஸ்ஸோடு. அடுத்தது கேப்டன், அப்புறம் சீனியர்கள். சின்னப் பசங்கள் கடைசி. இந்த வரிசை மாறினால் மறுவாரமே எல்லா ஜெர்சியும் ஒரு பதினேழு வயதுப் பையன் தலையில் வந்து விழும், வேண்டுமானால் எழுதித் தருகிறேன். முகம் சுளிக்கிறவன் சுளிக்கட்டும், ஒன்றும் சொல்லாதீர்கள். லேட்டாக வந்தவனுக்குத் தண்டனையாக மட்டும் இதை வைத்துவிடாதீர்கள், வைத்தால் துவைப்பது கேவலம் என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். பாலியெஸ்டர் துணிதானே, கோல் போஸ்ட்டுக்குப் போஸ்ட் கயிறு கட்டிப் போட்டால் தோல்வியைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். பேச வேண்டியதை அங்கேயே பேசுங்கள். கையில் வேலை இருக்கும்போது பையன்கள் கொஞ்சம் உண்மை பேசுவார்கள்.

பேசிக்கொள்ளாத அந்த இரண்டு பேருக்கும் கோல் வலையைக் கழற்றி மடிக்கிற வேலையைக் கொடுங்கள். ஆளுக்கொரு முனை பிடிக்காமல் அது மடியாது, “இந்தப் பக்கம் இழு”வாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அபராதத்தை நிறுத்துங்கள். ஷிப்டு முடிந்து நேராகக் கிரவுண்டுக்கு ஓடி வருகிறவனையும், தூங்கி எழுந்து வருகிறவனையும் ஒரே 50 ரூபாயில் நிறுத்துவது நியாயமில்லை. யார் எங்கிருந்து வருகிறான், எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்று ஒருமுறை ஒவ்வொருவனையும் கேளுங்கள். கேட்டபிறகும் காரணமில்லாமல் லேட்டாக வருகிறவனை வெளியே உட்காரவையுங்கள், சீனியரானாலும் சரி. செல்போன் பெட்டி இருக்கட்டும், அது நல்ல யோசனைதான். கேப்டனை மாற்றியதில் எனக்குக் கருத்து சொல்ல ஒன்றுமில்லை, ஏன் மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை. அவனிடமாவது சொன்னீர்களா?

உங்கள் வீட்டு அம்மிணியிடம் போய், “இனி பசங்களே துவைப்பார்கள், சந்தோஷமா?” என்று வரம் கொடுக்கிற தோரணையில் சொல்லாதீர்கள். இத்தனை வாரம் கேட்காமல் சுமத்திவிட்டேன் என்று நேராகச் சொல்லுங்கள். சீசன் முடிவில் கிளப் விழாவுக்கு அவரைக் கூப்பிட்டு, ‘அணியின் தாய்’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்துகிற யோசனை கமிட்டியில் யாருக்காவது வரும், அதையும் தடுத்துவிடுங்கள். அந்தப் பொன்னாடையையும் அவர்தான் துவைக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையை அவருக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும். அன்றைக்கு அவர் தூங்குகிறாரா, அம்மா வீட்டுக்குப் போகிறாரா என்பது அவர் இஷ்டம். உங்கள் மேட்ச் பார்க்க வருவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதுவரை வசூலித்த அபராதப் பணத்தில் பெரிய பக்கெட் இரண்டு, பிரஷ், பார் சோப்பு, கயிறு வாங்குங்கள். மிச்சத்தைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து என்ன ஆனது என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம், அம்மிணியை எழுதச் சொல்லுங்கள்.