வாத்தியாரைக் கேளுங்கள்: கைப்பையில் இருந்த மாலை

நாஜிகளிடம் தப்பிப் பிழைத்த யூத முதியவர்களை ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் நேரில் சந்தித்துக் கேள்வி கேட்கிறார்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத எதை அவர்கள் சொல்லிவிடப் போகிறார்கள்?
- ஒரு வாசகர், விருதுநகர்

முப்பத்தோரு வருஷம் வரலாறு எடுத்தவன் நான். இரண்டாம் உலகப் போர் வரும்போது கரும்பலகையில் 'கொல்லப்பட்டவர்கள் 60 லட்சம் யூதர்கள்' என்று எழுதி அடிக்கோடு போடுவேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்ச் பையன் எழுந்து, "சார், 60 லட்சத்துக்கு எத்தனை சைபர்?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆறு என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கொடுத்ததே சைபர்தான்.

அப்படிப் பிள்ளைகளைச் சந்தித்தவர்களில் ஒருவர் மார்கோட் ஃப்ரீட்லெண்டர். 1921-ல் பெர்லினில் பிறந்த யூதர். 1943 ஜனவரியில் ஒருநாள் வீடு திரும்பினால், தம்பியை நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்துப் போயிருக்கிறது. மகனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மாவும் தானாகவே போய்ச் சரணடைந்துவிட்டார். மகளுக்கென்று ஒரு கைப்பை. உள்ளே ஒரு முகவரிப் புத்தகமும் அம்பர் மணி மாலையும். கூடவே வாய்ச்சொல்லாக ஒரு சேதி: உன் வாழ்க்கையை நீ அமைத்துக்கொள்ளப் பார். அம்மாவும் தம்பியும் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள்.

மார்கோட் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு 15 மாதம் ஒளிந்து வாழ்ந்தார். சோறும் இடமும் கொடுத்தவர்கள் ஜெர்மானியர்கள். கடைசியில் பிடித்துக் கொடுத்தவர்களோ, கெஸ்டபோவுக்கு ஆள்காட்டி வேலை பார்த்த யூதர்கள். நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம் என்று நடுவில் கோடு கிழித்து நான் நடத்திய பாடம் இங்கே நொண்டியடிக்கிறது, பாருங்கள்.

தெரேசியன்ஸ்டாட் முகாமில் இருந்து மீண்டு, 1946-ல் நியூயார்க் போனவர், 2010-ல், 88 வயதில், பெர்லினுக்கே குடிவந்துவிட்டார். பள்ளி பள்ளியாகப் போனார். 2025 மே மாதம் 103 வயதில் இறந்தார். 'குடும்பங்கள் பிரிக்கப்பட்டன' என்று புத்தகம் சொல்லும். யார் பிரித்தார்கள் என்று அந்த வாக்கியத்தில் ஆளே இருக்காது. அவர் எதிரில் உட்கார்ந்த பிள்ளைக்கு வேறு கேள்வி வரும். அம்மா ஏன் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை? அம்மா மேல் கோபம் வந்ததா? எனக்கே கேட்கத் தோன்றுகிறது.

என் பாட்டிக்கு நேற்றுச் சாப்பிட்டதே நினைவில் இல்லை. எண்பது வருஷத்துக்கு முந்தைய கதையை எப்படி நம்புவது?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

ஞாபகம் தப்பத்தான் செய்யும். யேல் பல்கலைக்கழகத்தின் காணொளிச் சேகரிப்பில் ஒரு பெண், 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கைதிகள் கிளர்ந்தெழுந்ததைப் பற்றிப் பேசும்போது பிணம் எரிக்கும் கூடங்களின் நான்கு புகைபோக்கிகள் வெடித்ததாகச் சொன்னார். அதைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், தகர்ந்தது ஒன்றுதானே, எண்ணிக்கையே தப்பென்றால் மற்றதை எப்படி ஏற்பது என்றார்கள். பேட்டி எடுத்த மனநல மருத்துவர் டோரி லாப் ஒப்பவில்லை. சிறுவயதில் அவரும் முகாமில் கிடந்து பிழைத்தவர். நடக்கவே நடக்காது என்று எல்லோரும் நினைத்த ஒன்று நடந்ததைத்தான் அந்தப் பெண் சொல்கிறார், புகைபோக்கிக் கணக்கை அல்ல என்றார்.

நான் இரண்டு கட்சியும்தான். எந்த ரயிலில் யாரை ஏற்றினார்கள் என்று நாஜிகளே பட்டியல் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். தேதியும் எண்ணிக்கையும் வேண்டுமானால் அங்கே போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் ஏற்றியவன் எழுதியது. ஏறியவர் என்ன நினைத்தார் என்பது அதில் கிடைக்காது.

மகள் பத்தாம் வகுப்பு. சிறுமியாக இருந்தபோது ரயிலில் தனியே இங்கிலாந்து வந்து பிழைத்த ஒரு யூதப் பாட்டி பள்ளிக்கு வருகிறாராம். இவள் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். என்ன கேட்கச் சொல்வது?
- ஒரு வாசகி, லண்டன்

கிண்டர்டிரான்ஸ்போர்ட் ரயிலாக இருக்கும். 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பரில் போர் வெடிக்கும்வரை, சுமார் 10,000 குழந்தைகளை, பெரும்பாலும் யூதப் பிள்ளைகளை, இப்படி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். பெற்றோருக்கு அனுமதி இல்லை. அவர்களில் பலர் பிள்ளைகளை அப்புறம் பார்க்கவே இல்லை.

எடுத்த எடுப்பில் பெற்றோர் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டாம். பெட்டியில் என்ன இருந்தது, அதை யார் அடுக்கினார்கள் என்று கேட்கட்டும். பொருளில் ஆரம்பித்தால் பேச்சு தானாக ஆளிடம் போய்ச் சேரும். இன்னொன்று: போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத்தான் சேதி போய்வந்தது, அதுவும் 25 வார்த்தைக்குள். மகளை முதல்நாள் ராத்திரி உங்களுக்கு 25 வார்த்தையில் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் கேள்வி அவளுக்கே வந்துவிடும்.

பாட்டி பேச்சை நிறுத்தினால் இவளும் சும்மா இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். நம் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்துக்கொண்டு சட்டென்று "பரவாயில்லை பாட்டி" என்று இடைவெளியை நிரப்பிவிடுவார்கள். வேண்டாம். அவர் தண்ணீர் குடிக்கட்டும், ஜன்னலைப் பார்க்கட்டும்.

எல்லோரும் போன பிறகு யாரிடம் கேட்பார்கள்?
- ஒரு கல்லூரி மாணவர், சேலம்

2024 தொடக்கத்தில் எடுத்த கணக்குப்படி, பிழைத்தவர்களில் உலகம் முழுக்க ஏறக்குறைய 2,45,000 பேர் உயிரோடு இருந்தார்கள். பாதிப் பேர் 86 வயதைத் தாண்டியவர்கள். அதனால், பிழைத்தவர்களின் சாட்சியங்களைப் பதிந்து வைக்கும் அமெரிக்காவின் ஷோவா அறக்கட்டளை ஒரு வேலை செய்திருக்கிறது. போலந்தின் லோட்ஸ் நகரில் 1932-ல் பிறந்து, முகாம்களில் இருந்து பிழைத்த பின்காஸ் குட்டரைக் கேமராக்கள் சூழ உட்காரவைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். மாணவர் கேட்டால் பொருந்துகிற பதிலைத் திரை எடுத்துப் போடும். நல்ல ஏற்பாடுதான். என்ன, திரை நம்மைப் பார்த்து "சாப்பிட்டாயா?" என்று திருப்பிக் கேட்காது.

அவரோடு இரட்டையாகப் பிறந்தவள் சபீனா. மைதானெக் முகாமில் அவளைக் கொன்றபோது இருவருக்கும் 11 வயது. அவள் முகம் அவருக்கு நினைவில்லை, நீண்ட பொன்னிறப் பின்னல் மட்டும்தான் நினைவிருக்கிறது. அதைத் திரையும் சொல்லும். முகத்தை எத்தனை பேர் கேட்டாலும் சொல்லாது.