பள்ளிக்கூடம் பார்த்து வீடு வாங்கலாமா?

கேள்வி: டீச்சர், எங்களுக்குக் கீழக்கரை பக்கம் ஒரு கடலோரக் கிராமம். மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், சவூதியில் டிரைவர். மகள் கீழக்கரையில் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்; அந்தப் பள்ளி ஐந்தோடு சரி. மகன் அங்கேயே இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊரில் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. கையில் 22 லட்சம் சேர்ந்திருக்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கு எதிரிலேயே 38 லட்சத்துக்கு வீடு ஒன்று வந்திருக்கிறது. என் 12 பவுன் நகையை விற்று, மீதியைச் சொந்தக்காரர்களிடம் கைமாத்தாக வாங்கி முடித்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. வட்டிக்கு வாங்க அவருக்கு மனமில்லை. அமெரிக்காவில் இருக்கிற என் காக்காவும் (அண்ணன்), "நல்ல ஸ்கூல் இருக்கிற இடத்தில்தான் வீடு வாங்கணும்" என்கிறார். வாப்பா ஊரிலேயே எனக்கு 6 சென்ட் இடம் எழுதித் தருவதாகச் சொல்கிறார். மாமி ஊரை விட்டு வர மாட்டேன் என்கிறார். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. — பெயர் வேண்டாம், கீழக்கரை வட்டம்.

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நகையைப் பற்றி எழுதிய வரியில் மட்டும் எழுத்து சின்னதாகிப் போயிருந்தது. உங்களுக்கு மனசு எங்கே உறுத்துகிறது என்று புரிந்துகொண்டேன்.

உங்கள் காக்கா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அவர் இருக்கிற நாட்டுக்கு அது சரியான பேச்சு. அமெரிக்காவில் அரசுப் பள்ளி இடத்தைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. பள்ளி நடத்துகிற பணத்திலும் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வருகிறது. அதனால் நல்ல பள்ளி உள்ள பகுதியில் வீட்டு விலையும் ஏறிக் கிடக்கும். அங்கே வீட்டை வாங்கினால் பள்ளி இடமும் கூடவே வந்துவிடும். நம் ஊர் நடைமுறை வேறு. ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனால் மாற்றுச் சான்றிதழும் ஆதாரும் கேட்பார்கள், வீட்டுப் பத்திரத்தை யாரும் கேட்க மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு வீட்டு தூரம் கணக்கில் வரும். ஆனால் அது எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோ நுழைகிற குழந்தைக்கு. உங்கள் இரண்டு பேரும் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆக, அந்த 38 லட்சம் கொடுத்து நீங்கள் வாங்கப்போவது நடந்து போகிற தூரத்தை மட்டும்தான்.

நடந்து போகிற தூரம் லேசான விஷயம் என்று நான் சொல்லவில்லை. 33 வருஷம் இந்தக் கரையோரத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். பஸ்ஸைத் தவறவிட்டு வாசலில் மூச்சு வாங்க நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் தூரத்துக்காக வீடு வாங்கி நானே பட்டிருக்கிறேன். என் மகனுக்காக, ஒரு பள்ளியிலிருந்து இரண்டே தெரு தள்ளி, சக்திக்கு மீறி ஒரு வீட்டை வாங்கினோம். அவன் ஒன்பதாவது படிக்கும்போது அங்கே கணக்கு வாத்தியாரும் அறிவியல் வாத்தியாரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வருஷமும் ஆள் போடவில்லை. பத்தாவது முடித்ததும் அவன் வேறு ஊருக்குப் பஸ் ஏறினான். பள்ளி இருக்கிற தெருவில் நாங்கள் இருந்தோம், பிள்ளை இல்லை. கடன் மட்டும் ஒன்பது வருஷம் இருந்தது. பள்ளியின் தரம் அங்கே இருக்கிற நாலைந்து ஆசிரியர்களைப் பொறுத்தது. அவர்கள் மாறுதலில் போவார்கள், ஓய்வு பெறுவார்கள். வீட்டை அப்படி மாற்ற முடியாது.

இப்போது பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். உயர்நிலை என்றால் பத்து வரை, மேல்நிலை என்றால்தான் பன்னிரண்டு வரை. நம் கரையோரத்தில் பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிற இடம் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பத்தில் நல்ல மார்க் எடுத்திருப்பாள். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவு இருக்காது, அல்லது பஸ் சரியில்லை என்பார்கள், அதற்குள் வீட்டில் ஒரு வரன் வந்துவிடும். இப்படி நின்றுபோன பிள்ளைகளின் முகம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவிருக்கிறது. அதனால் மகளுக்குப் பள்ளி தேடும்போது ஆறாம் வகுப்பை மட்டும் பார்க்காமல் பதினொன்றாம் வகுப்பையும் சேர்த்துப் பாருங்கள். கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளுக்கு நேரில் போங்கள். பிளஸ் ஒன்னில் என்னென்ன பிரிவு இருக்கிறது, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் திறந்திருக்கிறதா பூட்டிக் கிடக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீர் வராத பள்ளியில் மாதத்தில் நாலு நாள் பெண் பிள்ளைகள் லீவு எடுப்பார்கள்.

அடுத்த விஷயத்துக்குக் கால அவகாசம் குறைவு, அதனால் கவனமாகப் படியுங்கள். மகள் வருகிற ஜூனில் ஆறாவது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதை விரிவாக்கினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதுதான் முக்கியம். இப்போது சிபிஎஸ்இ பள்ளியில் சேர்த்து, ஒத்துவரவில்லை என்று ஒன்பதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினால் இந்த உரிமை போய்விடும். கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அந்தத் தொகை உண்டு, 7.5 சதவீதம் அவர்களுக்குக் கிடையாது. ஆங்கில வழி வேண்டும் என்று நினைத்தால் அரசுப் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பிரிவும் இருக்கிறது.

சிபிஎஸ்இ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சவூதியிலிருந்து மாப்பிள்ளை உங்களையும் அழைத்துக்கொள்வதாக இருந்தால் அங்குள்ள இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலும் அந்தப் பாடத்திட்டம்தான். அப்போது அதில் அர்த்தம் உண்டு. அப்படி ஒரு எண்ணம் இருப்பதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நீட் தேர்வுக்கு அது மட்டுமே வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2018-இலிருந்து வந்த நம் மாநிலப் பாடப் புத்தகங்களை ஒரு தடவை கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள், எடையிலேயே தெரியும்.

பஸ்ஸைப் பற்றி. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். அரசுப் பேருந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. காலையில் எல்லாப் பஸ்ஸும் ஓடும், சிக்கல் சாயங்காலம்தான். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் சிறப்பு வகுப்பு வைத்து ஆறு மணிக்கு விடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் ஊருக்குள் வருகிற பஸ் எது, அது வராவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு, நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா? முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த நேரத்தில் நீங்களே போய்வாருங்கள். ஏழாம் நாள் அவளைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் மாப்பிள்ளை, காக்கா, வாப்பா, மாமி நாலு பேர் சொன்னதும் இருக்கிறது, அவள் சொன்னது இல்லை.

நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிள்ளை ராமேஸ்வரத்துப் பள்ளிவாசல் தெருவிலிருந்து ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் படிக்க வந்தார். இரண்டு ஊருக்கும் நடுவே 55 கிலோமீட்டர். அப்துல் கலாமின் குடும்பம் அதற்காக வீட்டை மாற்றவில்லை. பிள்ளையை மட்டும் அனுப்பி வைத்தது. அந்தக் காலத்துப் பையனுக்கு முடிந்தது இந்தக் காலத்துப் பெண் பிள்ளைக்கும் அப்படியே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு ஓரிடத்திலும் படிப்பு ஓரிடத்திலும் இருப்பது நம் கரைக்குப் புதிது இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

வீட்டை வீடாகவே பார்ப்போம். கீழக்கரைப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. உங்கள் குடும்பமும் அப்படித்தான் என்றால் இப்போது நீங்கள் முடிவு செய்வது நாளை மகள் குடித்தனம் நடத்தப்போகிற வீட்டை. அவள் பள்ளியில் இருக்கப்போவது இன்னும் ஏழு வருஷம். ராமநாதபுரத்து வீட்டுக்குக் கிரயச் செலவே முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம்; 38 லட்சத்துக்கு 3 லட்சத்து 42 ஆயிரம். அதுவும் கைமாத்தில்தான் வர வேண்டும். வட்டி இல்லாத கடனுக்கும் ஒரு பாரம் உண்டு, தங்கச்சி. கொடுத்தவர் வீட்டுக் கல்யாணம் வரும்போது அது தெரியும். மாப்பிள்ளை வெளிநாட்டில், மாமி ஊரில், நீங்கள் இரண்டு பிள்ளைகளோடு டவுனில் தனியாக. ராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்கள்?

என் அபிப்பிராயம், வாப்பா தருகிற 6 சென்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையோடு விடாமல் செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள்; குடும்பத்துக்குள் எழுதுவதால் கிரயம் மாதிரி 9 சதவீதம் ஆகாது. வில்லங்கச் சான்று எடுத்து, பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் கடலிலிருந்து தூரத்தைக் கேட்டறியுங்கள். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து தொடுகிற கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் பொருந்தும், அனுமதி இல்லாமல் கட்டினால் பின்னால் தொல்லை. போர் போட்டுத் தண்ணீர் உவர்ப்பா என்று பாருங்கள். உவர்த் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துச் சில வருஷத்திலேயே கூரை பெயர்ந்து விழும். கட்டுகிற காலம் முழுக்க நல்ல தண்ணீரை லாரியில் வாங்கத்தான் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம்.

இல்லை, டவுன் வீடுதான் என்று கடைசியில் முடிவானால், பங்குனி வெயிலில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரு பெருமழை பெய்த மறுநாள் காலையில் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். கண்மாயும் ஊருணியும் இருந்த பள்ளங்களில் மனை போட்டிருக்கிற இடங்கள் அன்றைக்குத் தானாகத் தெரியும்.

மகள் பத்து முடித்து, அவள் கேட்கிற பிரிவு ராமநாதபுரத்தில்தான் கிடைக்கிறது என்று ஆனால், அந்த இரண்டு வருஷத்துக்கு டவுனில் ஒரு வீட்டை ஒத்திக்கு எடுங்கள். வாடகை கிடையாது, போகும்போது பணம் முழுதாகத் திரும்பி வரும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்காமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த வீட்டின் மேல் வேறு கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இரண்டு வருஷம் என்றால் மாமியும் கூட வந்து இருக்கச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.

22 லட்சத்துக்குள் அடங்குகிற அளவுக்கு வீட்டைச் சிறிதாகக் கட்டுங்கள். மாடி எழுப்ப இடம் விட்டுவைத்தால் மகன் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த 12 பவுனை விற்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள். மகள் பிளஸ் ஒன் சேருகிற ஜூன் வரைக்கும் அது பெட்டியில் இருக்கட்டும்.